அப்பா ஒரு மாநிலம், அம்மா ஒரு மாநிலம்: பிள்ளை யாரிடம்?

யாருக்கு இந்த அத்தியாயம்

ஜவ்வாது மலையில் மழைப்பயிர் வீடு வந்து சேர்ந்ததும் ஆட்கள் பிழைப்புக்கு மலையிறங்குவது ஆண்டுதோறும் நடப்பது. குடகு, சிக்மகளூர் காப்பித் தோட்டங்கள், கேரளத்துக் கட்டட வேலை, ஆந்திரத்துக் கூலி வேலை என்று மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமாகவே போகிறார்கள். போன இடத்தில் புருஷன் பெண்டாட்டிக்குள் முறிந்துவிட்டால், ஒருவர் அங்கேயே தங்கிவிடுகிறார், மற்றவர் மலைக்குத் திரும்பிவிடுகிறார். பிள்ளை யாராவது ஒருவர் கையில் இருக்கும். அல்லது பாட்டியிடம் விட்டுப்போன பிள்ளையை அப்பா ஒருநாள் வந்து எஸ்டேட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். இப்படி ஒரு நிலையில் நிற்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும், பிள்ளையை வளர்த்துக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிக்கும் இதை எழுதுகிறேன்.

அத்தியாயம் முழுவதிலும் நான் நிறுவ முயல்வது ஒன்றைத்தான். இரண்டு மாநிலத் தகராறில், யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பதற்கு முன்னால், பிள்ளை எந்த ஊரில் வாழ்கிறது என்று நீதிமன்றம் பார்க்கும். அந்தக் கேள்விக்கான விடையைத் தாளில் வைத்திருப்பவரின் கை ஓங்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டுகிறவர், தாண்டிய அன்றே வென்றுவிட்டதாக நினைக்கிறார். பெரும்பாலும் அன்றைக்குத்தான் அவர் வழக்கு பலவீனமாகிறது.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

பிள்ளையை யார் வளர்ப்பது என்ற வழக்கைப் போடும் அடிப்படைச் சட்டம் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். அதன்படி போடும் மனுவைத் தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். இந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும் என்கிறது. கல்யாணம் நடந்த ஊரோ அப்பாவின் சொந்த ஊரோ இங்கே கணக்கில்லை. அமெரிக்காவில் இதற்கென்று மாநிலங்களுக்கிடையே ஒரு பொதுச் சட்டம் இருக்கிறது. வழக்குக்கு முந்தைய ஆறு மாதம் பிள்ளை வாழ்ந்த மாநிலமே அதன் வீட்டு மாநிலம் என்று அது நாளைக் குறித்துவிடுகிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு கெடு கிடையாது. வழக்கமாக வசிப்பது எது என்பது ஒவ்வொரு வழக்கின் உண்மை நிலையையும் பெற்றோரின் எண்ணத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ரூச்சி மாஜூ வழக்கில் சொன்னது. கெடு இல்லாததால்தான் சான்றுகளின் எடை கூடுகிறது. பள்ளிப் பதிவேட்டில் உள்ள ஒரு வரி, பத்துப் பேர் வந்து சொல்லும் சாட்சியைவிடப் பெரிதாகிவிடலாம்.

அடுத்தது, மலைக் குடும்பங்களுக்கே உரிய விஷயம். பல வக்கீல் அலுவலகங்களில் மனுவைப் பழக்கத்தில் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவைக் காட்டித் தொடங்கிவிடுவார்கள். அப்பா இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின் அம்மா, ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பிரிவில் உள்ளவை. ஆனால் அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை பட்டியல் பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. இந்துத் திருமணச் சட்டத்திலும் இதே விலக்கு உண்டு. ஜவ்வாது மலையின் மலையாளி சமூகம் பட்டியல் பழங்குடி. ஆகவே உங்கள் மனு 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மேல் நிற்கட்டும். அது எல்லா மதத்தினருக்கும் எல்லாச் சமூகத்தினருக்கும் பொதுவானது. அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளையின் நலனையே அளவுகோலாக வைக்கிறது. கைக்குழந்தைக்கு அம்மா தேவை என்ற வாதத்தையும் பிள்ளையின் நலன் என்ற தலைப்பிலேயே வைக்கலாம். அதற்கு 6-ஆம் பிரிவு வேண்டியதில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொங்கினால், இந்தச் சட்டமே இவர்களுக்குப் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு ஒரு வாய்தாவில் கிளப்பி, பல வாய்தாக்களை விழுங்கிவிடும்.

படி 1: முதல் சில நாட்கள்

பிள்ளை உங்கள் கையிலிருந்து போய்விட்டது என்றால், முதல் வேலை அது பத்திரமாக இருக்கிறதா என்று உறுதிசெய்வது. அடி, பட்டினி, குடிகாரரிடம் தனியாக விடப்பட்டது, வேலைக்கு அனுப்பப்படுவது போன்ற ஆபத்து இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எந்த மாநிலத்தில் இருந்தாலும் இதே எண்தான். உயிருக்கே ஆபத்து என்றால் 112. இங்கே உள்ள காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். பிள்ளை எந்தத் தேதியில், எந்த ஊரிலிருந்து, யாரால் அழைத்துப் போகப்பட்டது என்பது அந்தத் தாளில் பதிவாகிவிடும். வழக்கில் அந்தத் தேதி மிகவும் வேண்டியது.

ஆனால் போலீசார் பிள்ளையை மீட்டுக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அம்மாவோ அப்பாவோ தன் பிள்ளையை அழைத்துப் போனதைச் சாதாரணமாகக் கடத்தல் என்று பதிவுசெய்ய மாட்டார்கள். கோர்ட்டுக்குப் போங்கள் என்பார்கள். நீதிமன்ற உத்தரவு ஒன்று ஏற்கனவே இருந்து அதை மீறித் தூக்கியிருந்தால் கதை வேறு.

*எச்சரிக்கை:* உறவுக்காரர்களைத் திரட்டி வண்டி பிடித்து எஸ்டேட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கி வருவது இந்த வழக்குகளிலேயே மிக மோசமான தவறு. அந்த ஊரில் நீங்கள் வெளியாள், பாஷை தெரியாது. கைகலப்பு நடந்தால் அங்கே உங்கள் பேரில் கிரிமினல் வழக்கு பதிவாகும். அதற்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த மாநிலத்துக்கே போக வேண்டியிருக்கும். பிள்ளை முன்னால் நடந்த அடிதடியை நீதிபதி மறக்க மாட்டார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். “அவர் தூக்கிக்கொண்டு போகலாம், நான் மட்டும் தாளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா? நாள் ஆக ஆகப் பிள்ளை அங்கேயே பழகிவிடாதா?” பழகிவிடும் என்பது உண்மைதான். பிள்ளை ஒரு வருடம் அங்கே பள்ளிக்குப் போய்விட்டால், அதுவே அதன் ஊர் என்ற வாதத்துக்கு வலு வந்துவிடும். ஆனால் இந்த உண்மை, சீக்கிரம் மனு போடுங்கள் என்பதற்குத்தான் காரணம். தூக்கி வாருங்கள் என்பதற்குக் காரணமாகாது. ஒரு தரப்பு தன்னிச்சையாகப் பிள்ளையை இடம் மாற்றியதால் மட்டும் அதன் வழக்கமான வசிப்பிடம் மாறிவிடாது என்று வாதிட இடம் உண்டு. அந்த வாதம் சில வாரங்களுக்குள் வந்தால் எடுபடும். ஒன்றரை வருடம் கழித்து வந்தால், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்றுதான் நீதிபதி முதலில் கேட்பார்.

படி 2: பிள்ளை இங்கே வாழ்ந்தது என்பதற்குத் தாள்கள்

இந்தப் படிக்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் பிள்ளை பிறந்த ஊரைத்தான் காட்டும், வாழும் ஊரைக் காட்டாது. வாழும் ஊரைக் காட்டுபவை அன்றாடத் தாள்கள். அங்கன்வாடிப் பதிவேட்டில் உள்ள பெயர், தடுப்பூசி அட்டையில் ஒவ்வொரு ஊசிக்கும் போட்ட தேதியும் போட்ட சுகாதார நிலையமும், பள்ளியின் வருகைப் பதிவு, எமிஸ் எண், குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயர், ஆதார் முகவரி, ஆஸ்பத்திரிச் சீட்டுகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். இவற்றில் எதையும் அற்பம் என்று ஒதுக்காதீர்கள். தடுப்பூசி அட்டையில் ஒன்றரை வயது ஊசியும் ஐந்து வயது ஊசியும் மலையிலுள்ள அதே சுகாதார நிலையத்தில் போடப்பட்டிருந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளை எங்கே வளர்ந்தது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடைப்பது அரிது. வழக்கு வரும் என்று யாரும் நினைக்காத காலத்தில் உண்டான தாள் அது. வழக்குக்காக நேற்று வாங்கிய சான்றிதழுக்கு அந்த மதிப்பு கிடையாது.

பிள்ளை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தால் ஒரு சிக்கல் உண்டு. விடுதியில் இருப்பதை வசிப்பது என்று சொல்ல முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அதற்கு விடை விடுமுறைகளில் இருக்கிறது. பொங்கலுக்கும் முழுப் பரீட்சை விடுமுறைக்கும் பிள்ளையை அழைத்துப் போனது யார், திரும்பக் கொண்டுவந்து விட்டது யார் என்பதை விடுதிப் பதிவேட்டில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பக்கத்தின் நகலைத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் கோர்ட் மூலம் வரவழைக்கலாம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, டி.சி. எனும் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானது என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆகவே டி.சி.யை நீங்கள் பூட்டி வைத்திருப்பதால் பிள்ளையை அங்கே சேர்க்க முடியாது என்று நம்பியிருக்காதீர்கள்.

*குறிப்பு:* எல்லாவற்றுக்கும் நான்கு நகல் எடுங்கள். அசலை யாரிடமும், வக்கீலிடம்கூட, ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். செல்போனில் வந்த மிரட்டல் செய்திகளையும் படங்களையும் அழிக்காமல், போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

படி 3: எந்தக் கோர்ட்

ஜவ்வாது மலை ஒரே மலையானாலும் மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்கள் திருவண்ணாமலை மாவட்டம். புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு ஆகியவை 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டம். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகியவை வேலூர் மாவட்டம். பிள்ளை வாழ்ந்த ஊர் எந்த மாவட்டமோ அந்த மாவட்டத்தில் மனு போட வேண்டும். குடும்ப நீதிமன்றம் இயங்கும் இடத்தில் அங்கே, இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்தில். பஸ் வசதியைப் பார்த்துப் பக்கத்து மாவட்டத்தில் போட்டுவிட்டால், இந்தக் கோர்ட்டுக்கு விசாரிக்கும் அதிகார எல்லை இல்லை என்று மனு திரும்பி வந்துவிடும். போன மாதங்கள் போனவைதான்.

பிள்ளை உண்மையிலேயே மூன்று நான்கு வருடமாகக் குடகில் அப்பாவுடன் இருந்து அங்கேயே படித்திருந்தால், மனு அங்கேதான் போட வேண்டும். இதை ஏற்றுக்கொள்வது கசப்பாக இருக்கும். ஆனாலும் அங்கே போய் நேராக வழக்கை நடத்துவது, இங்கே எல்லை இல்லாத கோர்ட்டில் இரண்டு வருடம் கழிப்பதைவிடச் சுருக்கமான வழி.

பிள்ளை வாழும் இடத்தில்தான் மனு என்ற விதிக்கு இரண்டு விலக்குகள் உண்டு. இரண்டுமே அம்மாக்களுக்கு உதவக்கூடியவை. அடி உதை தாங்காமல் மலைக்குத் திரும்பிய பெண், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, தான் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து மாஜிஸ்திரேட்டிடமே மனு போடலாம். பிள்ளையைத் தற்காலிகமாகத் தன்னிடம் ஒப்படைக்கும்படி 21-ஆம் பிரிவில் கேட்கலாம். சம்பவம் வேறு மாநிலத்தில் நடந்திருந்தாலும் தடையில்லை. இரண்டாவது, கல்யாணத்தின்போது பெண்ணுக்கு 18 வயது நிரம்பாமல் இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு பிள்ளையின் பொறுப்பைப் பற்றி உத்தரவிட மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. மனுதாரர் இப்போது வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம் என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வயது வெளியே வந்தால் கிரிமினல் வழக்கு தொடர வாய்ப்புண்டு. அதனால் வக்கீலிடம் முழு உண்மையையும் சொல்லி, விளைவுகளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இந்த வழியில் இறங்குங்கள். எந்த நிலையிலும் வயதை மாற்றி எழுதாதீர்கள்.

படி 4: செலவில்லாமல் வக்கீல்

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பட்டியல் பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் கட்டணமும் சேர்த்துத்தான். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமூகச் சான்றிதழ் நகலுடன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவச வக்கீல் சரியாகப் பார்ப்பதில்லை என்று தோன்றினால், வக்கீலை மாற்றித் தரும்படி அதே ஆணைக்குழுவில் எழுதிக் கேட்கலாம். வெளியே கடன் வாங்கி இன்னொருவரைப் பிடிக்க வேண்டியதில்லை.

வேறு மாநிலத்தில் மனு போட வேண்டியிருந்தால் அங்கேயும் ஆணைக்குழு இருக்கிறது. கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ கொண்டுபோகும் மனுவில் “மலையாளி” என்று மட்டும் எழுதினால் கேரளத்துக்காரர் என்று புரிந்துகொள்வார்கள். தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடி என்பதையும் மாவட்டத்தையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

படி 5: மனுவும் இடைக்கால உத்தரவும்

பிரதான மனு முடிய மாதங்கள் ஆகும், சில வழக்குகளில் வருடங்கள் ஆகும். அதனால் அதனுடனேயே 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் ஓர் இடைக்கால மனு போட வேண்டும். பிள்ளையைக் கோர்ட்டில் கொண்டுவரச் சொல்லவும், வழக்கு முடியும்வரை யாரிடம் இருக்க வேண்டும் என்று சொல்லவும் அந்தப் பிரிவில் அதிகாரம் உண்டு. பிள்ளை உங்களிடமே இருந்து, தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தால், கோர்ட் அனுமதியில்லாமல் மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற தடையைக் கேளுங்கள்.

மனுவில் எதிர்த்தரப்பை எவ்வளவு திட்டலாம் என்று பார்க்காதீர்கள். அவர் கெட்டவர் என்பதை நிறுவுவது அல்ல உங்கள் வேலை. பிள்ளை உங்களிடம் எப்படி வாழும் என்பதைக் காட்டுவதுதான். காலையில் யார் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவார்கள், நீங்கள் வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, வருமானம் எங்கிருந்து என்று திட்டமாக எழுதுங்கள். ஏழை என்பதால் பிள்ளை போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பணம் பார்க்கப்படும் பல விஷயங்களில் ஒன்றுதான். பிள்ளைச் செலவுக்கு மற்றவரிடம் பணம் வாங்கித்தர நீதிமன்றத்தால் முடியும்.

விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் நீதிபதி தன் அறையில் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். அதற்கு முன் பிள்ளைக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் நீதிபதிகளுக்கு உடனே தெரிந்துவிடும். அதோடு, அம்மாவையோ அப்பாவையோ பற்றித் தப்பாகப் பேசவைத்த வடு அந்தப் பிள்ளைக்கு நெடுநாள் போகாது.

படி 6: நோட்டீஸ் போய்ச்சேர வேண்டும்

மாநிலம் தாண்டிய வழக்குகள் அதிகம் தேங்குவது இந்த இடத்தில்தான். “இன்னார், குடகு மாவட்டம்” என்ற முகவரிக்கு அனுப்பிய தபால் திரும்பித்தான் வரும். எஸ்டேட் பெயர், எந்த டிவிஷன், லைன் வீட்டு எண், அஞ்சலகம், பின்கோடு, பக்கத்துக் காவல் நிலையம், மேஸ்திரியின் பெயரும் செல்போன் எண்ணும் எல்லாம் வேண்டும். கூட வேலை செய்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் இவை கிடைத்துவிடும். நோட்டீசுடன் அந்த மாநில மொழியில் ஒரு மொழிபெயர்ப்பும் இணைக்கச் சொல்லுங்கள்.

படி 7: அவர் அங்கே முந்திக்கொண்டால்

எதிர்த்தரப்பு தன் மாநிலத்தில் மனு போட்டு உங்களுக்கு நோட்டீஸ் வந்தால், கிழித்துப் போடாதீர்கள், வாங்க மறுக்காதீர்கள். நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிடும். அதை உடைப்பது, முதலிலேயே எதிர்த்து நிற்பதைவிடக் கடினம். முதல் வாய்தாவிலேயே வக்கீல் வைத்து, பிள்ளை வழக்கமாக வசிப்பது தமிழ்நாட்டில் என்றும் இந்தக் கோர்ட்டுக்கு எல்லை இல்லை என்றும் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவியுங்கள். அங்கே வாய்தாவுக்குப் போய்வர முடியாத நிலை என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் வழக்கை இங்கே மாற்றித் தரும்படி உச்ச நீதிமன்றத்தைக் கேட்கலாம். மாநிலம் விட்டு மாநிலம் வழக்கை மாற்றும் அதிகாரம் அதற்குத்தான் உண்டு. அங்கேயும் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டால் பத்து நாளில் பிள்ளை வந்துவிடும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். பிள்ளையை வைத்திருப்பவருக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லாதபோது அந்த வழி உண்டு என்று 2019-இல் தேஜஸ்வினி கவுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பால்குடிப் பிள்ளையைப் பறித்துப் போனது, கோர்ட் உத்தரவை மீறியது போன்ற நிலைகளில் அதை முயலலாம். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கதை சொல்லும் சாதாரண வழக்கில், காப்பாளர் சட்டப்படி போங்கள் என்று திருப்பி அனுப்பிவிடும் வாய்ப்பே அதிகம்.

ஊர்ப் பேச்சு போதாதா?

இந்த மறுப்பை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். கோர்ட் மலைக்குக் கீழே இருக்கிறது, வாய்தா நீளுகிறது, கூலி போகிறது. ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் உட்கார்ந்தால் ஒரே நாளில் முடிகிறது, இரண்டு குடும்பமும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். இவை உண்மையான நன்மைகள். ஒரே மலைக்குள் இரண்டு குடும்பமும் வாழும்வரை அந்தப் பேச்சுக்கு மரியாதை இருக்கும், மீறினால் ஊர் கேட்கும். ஆனால் ஒருவர் சிக்மகளூரில் போய் உட்கார்ந்துவிட்டால் ஊரின் கை அங்கே எட்டாது. பஞ்சாயத்துத் தாளைக் கொண்டுபோய் அங்கே காவல் நிலையத்தில் நீட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள். மேலும், பிள்ளை அப்பன் வீட்டுக்கே என்று வழக்கத்தைக் காட்டி முடித்தால், பிள்ளையின் நலன் என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.

இரண்டையும் சேர்க்கும் வழி ஒன்று இருக்கிறது. பெரியவர்கள் முன்னால் பேசி ஒத்துக்கொண்டதை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றத்தில் வையுங்கள். அங்கே வழங்கப்படும் தீர்வு, சட்டப்படி சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம். ஊரில் ஒரு நாளில் முடிந்த பேச்சு, கர்நாடகத்திலும் செல்லுபடியாகும் உத்தரவாக மாறிவிடும்.

அப்பாவோ அம்மாவோ இல்லாதபோது

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 மரம்வெட்டிகள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைப்பகுதியினரும் அடிவாரத்தினரும். ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்களும் ஏராளம். இப்படி அப்பா இறந்தோ சிறையிலோ இருக்கும்போது, அம்மாவுக்கும் அப்பாவைப் பெற்றவர்களுக்கும் இடையே பிள்ளைக்காகத் தகராறு வருகிறது. அம்மாவிடம் பிள்ளை வளர்வதைத் தடுக்க, அவர் தகுதியற்றவர் என்று நிறுவ வேண்டியிருக்கும். மறுமணம் செய்துகொண்டார் என்பது மட்டும் அதற்குப் போதாது. அதே சமயம், பல வருடமாக வளர்த்த தாத்தா பாட்டியும் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனு போடலாம். உறவினர் யாரும் போடலாம்.

*குறிப்பு:* பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெற்றோர், எந்தத் தேதியிலிருந்து, எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு காலத்துக்கு விட்டுப்போகிறோம் என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாளைப் பாட்டியிடமும் ஒரு நகலைப் பள்ளியிலும் கொடுத்துவிட்டுப் போகட்டும். மாதாமாதம் அனுப்பும் பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்பட்டும். பிள்ளையைக் கைவிட்டுப் போனார்கள் என்ற குற்றச்சாட்டு வந்தால் இவை இரண்டும் பதில் சொல்லும்.

படி 8: உத்தரவில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும்

“பிள்ளையைப் பார்க்க அனுமதிக்கப்படுகிறது” என்று மட்டும் எழுதிய உத்தரவால் இரண்டு மாநிலப் பெற்றோருக்குப் பயன் கிடையாது. பெற்றோர் வெவ்வேறு மாநிலங்களிலோ நாடுகளிலோ இருக்கும்போது, பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோர் போனிலும் வீடியோ அழைப்பிலும் முடிந்தவரை அடிக்கடி பேச வழிசெய்ய வேண்டும் என்று 2020-இல் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்டி, கிழமையும் நேரமும் குறிப்பிட்ட அழைப்பைக் கேளுங்கள். மலையில் பல ஊர்களில் டவர் எடுக்காது. ஆகவே பிள்ளையை டவர் கிடைக்கும் எந்த இடத்துக்கு யார் அழைத்து வருவது என்பதையும் எழுதவையுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் இல்லை என்ற ஒரே பதிலில் ஆறு மாதம் ஓடிவிடும்.

விடுமுறைகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள்: பொங்கல் யாரிடம், தீபாவளி யாரிடம், முழுப் பரீட்சை விடுமுறையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. ஒப்படைக்கும் இடம் வீடாக இருக்க வேண்டாம். பழைய கோபம் வாசலிலேயே கிளம்பும். பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருபவர்களுக்கு ஜோலார்பேட்டை ரயில் நிலையம் பொருத்தமான இடம்; ஆந்திரப் பக்கமிருந்து வருபவர்களுக்குக் காட்பாடி. பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், பிள்ளைக்குத் தெரிந்த ஒருவர் கூட இருக்கும்படி ஒப்படைக்க வேண்டும். ரயில் கட்டணம் யார் பொறுப்பு, பிள்ளை எந்தப் பள்ளியில் தொடரும், ஆதாரும் சமூகச் சான்றிதழும் யாரிடம் இருக்கும், ஊர் மாறினால் எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பவையும் உத்தரவில் வர வேண்டும்.

உத்தரவு கைக்கு வந்தபின்

சான்றிட்ட நகல் இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் பிள்ளையின் பள்ளியில் கொடுத்து, ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். சிவில் நீதிமன்றத்தின் இறுதி உத்தரவை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் நிறைவேற்றலாம் என்று அரசியல் சட்டத்தின் 261-ஆம் பிரிவு சொல்கிறது. எதிர்த்தரப்பு வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு கீழ்ப்படியாவிட்டால், உத்தரவிட்ட கோர்ட்டில் நிறைவேற்று மனு போட்டு, அதை அந்த ஊர் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லலாம். பிள்ளையை வாங்கப் போகும்போது சான்றிட்ட நகலுடன் முதலில் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொல்லுங்கள். துணைக்கு ஒருவர் அல்லது இருவர் போதும்.

உங்களுக்குப் பாதகமாக வந்திருந்தால், குடும்ப நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். மூன்று மலை மாவட்டங்களுக்கும் அது சென்னைதான். கெடு தவறிவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடாது. பிள்ளையின் பொறுப்பைப் பற்றிய உத்தரவுகள் அன்றைய சூழ்நிலைக்காகப் போடப்படும் தற்காலிக உத்தரவுகளே என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளையின் படிப்பு நின்றுபோனது, வளர்ப்பவர் படுத்த படுக்கையானார், பார்க்க விடாமல் தொடர்ந்து தடுக்கிறார் என்பது போல நிலைமை மாறியிருந்தால், அந்த மாற்றத்தைக் காட்டி மறுபடி மனு போடலாம். அதற்காக, உங்களைப் பார்க்க விடாத ஒவ்வொரு தடவையையும் ஒரு நோட்டில் தேதி, நேரம், கூட இருந்தவர் பெயருடன் குறித்துக்கொண்டே வாருங்கள். போன ரயில் டிக்கெட்டையும் அந்தந்தப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.